நகையும் பட்டும் ஒரே படத்தில்: டிசைன் மாணவர்களுக்கான போட்டோ ப்ராஜெக்ட் வழிகாட்டி

பட்டுப் புடவை கட்டி ஆரம் போட்டு நிற்பவரைப் படமெடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் தேறுகிறது. புடவை நன்றாக விழுந்தால் ஆரம் வெள்ளைத் திட்டாகப் போய்விடுகிறது. ஆரம் நன்றாக விழுந்தால் புடவை உயிரில்லாமல் சப்பையாக இருக்கிறது. இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. துணியின் நெசவும் மடிப்பும் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக, கொஞ்சம் கடுமையாகவே அடிக்க வேண்டும். நகைக்கு அது ஒத்துவராது. மெருகேற்றிய தங்கம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. ஜன்னல் கம்பி, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன், படமெடுப்பவரின் சிவப்புச் சட்டை என்று எதிரே இருப்பதையெல்லாம் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நகைப் படத்தில் பாதி வேலை நகையிடம் இல்லை, நகைக்கு எதிரே எதை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ‘இந்தப் படத்தில் துணி பெரிதா, உலோகம் பெரிதா?’ என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு, பின்னால் வருகிறது.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் படிக்கும் டிசைன் மாணவருக்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆரணியில் பட்டு, குடியாத்தத்தில் கைலி, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம், எங்கே திரும்பினாலும் கருங்கல். இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் இருக்க, ஆன்லைனில் மார்பிள் பிரிண்ட் போட்ட வினைல் ஷீட் வாங்கி அதன் மேல் ஜிமிக்கியை வைத்து எடுப்பதில் என்ன இருக்கிறது?

ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். ‘ஒரே ஜிமிக்கி, மூன்று தரைகள்’ என்று எடுக்கலாம். மெருகேற்றாத கருங்கல், மென்பிசிறுப் பரப்புள்ள ஸ்வேட் தோல், மண்தட்டு மூன்றிலும் ஒரே கோணம், ஒரே வெளிச்சம். தரை மாறும்போது தங்கத்தின் நிறம் எப்படி மாறித் தெரிகிறது என்பதுதான் ப்ராஜெக்ட். கைலியைக் கவுனாகவும் ஓவர்கோட்டாகவும் தைத்து, கட்டங்களின் நேர்கோட்டையே படத்தின் அமைப்பாகப் பயன்படுத்தலாம். தோல் துண்டுகளில் நீங்களே காதணி செய்து, செய்த விதத்தையும் சேர்த்து எடுக்கலாம். கடைசியாகச் சொன்னதில் மதிப்பெண் கூடுதலாக வர வாய்ப்புண்டு, ஏனென்றால் டிசைனும் உங்களுடையது, படமும் உங்களுடையது.

தோல் காதணி செய்பவர்கள் வெட்டிய ஓரத்தைக் கவனிக்க வேண்டும். குரோம் பதனிட்ட தோலை வெட்டினால், சாயம் உள்வரை இறங்காத இடத்தில் ஓரம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். தாவரப்பட்டையில் பதனிட்டதென்றால் பழுப்பாக இருக்கும். கண்ணுக்குப் படாத அந்த ஓரம் குளோசப்பில் பிசிறோடு பெரிதாக வந்து நிற்கும். மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரத்துக்குச் சாயம் கொடுத்து, தேன்மெழுகு தடவித் துணியால் அழுத்தித் தேய்த்த பிறகே கேமரா முன்னால் கொண்டுவாருங்கள்.

மேசை மேல் ஒரு ஜிமிக்கி

தேவையானவை: 2 அடிக்கு 2 அடி மேசை, அரை அங்குலத் தடிமனில் தெர்மோகோல் ஷீட் 2, டிரேசிங் பேப்பர் பெரிய அளவில் 2 தாள், கறுப்பு சார்ட் 1, வெள்ளை சார்ட் 1, துணி கிளிப் 8, நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை 1, ஊதித் தூசு தட்டும் ரப்பர் ப்ளோயர், புது மேக்கப் பிரஷ், பருத்தி கையுறை, மெல்லிய நைலான் நரம்பு, கொஞ்சம் தேன்மெழுகு. டிரைபாட் கட்டாயம். லைட் வாங்கப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம், வடக்கு பார்த்த ஜன்னல் போதும். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. மே, ஜூன், ஜூலை மாதங்களில், முக்கியமாகக் காலையிலும் மாலையிலும், வெயில் எட்டிப் பார்க்கும்.

முதலில் சுத்தம். வீட்டு நகையின் பின்பக்கத்தில் மஞ்சள், சந்தனம், பவுடர் எல்லாம் இடுக்கில் ஒட்டியிருக்கும். கல் பதிக்காத தங்கம் என்றால் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் மென்மையான பிரஷ் போட்டுக் கழுவிக் காயவிடலாம். கெம்பு, பச்சை பதித்த பழைய நகையைத் தண்ணீரில் போடவே கூடாது. அந்தக் கற்களுக்குப் பின்னால் பளபளப்புக்காகத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். நீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்துப்போகும். அதற்கு உலர்ந்த பிரஷ் மட்டுமே. முத்துக்கு ஸ்பிரிட், சானிட்டைசர் ஆகாது. சுத்தம் முடிந்தபின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் ரேகை கண்ணுக்குத் தெரியாது, மேக்ரோவில் (மிகக் கிட்டே எடுக்கும் படத்தில்) தெரியும். வெள்ளி நகையை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

இனி நிறுத்துவது. ஜிமிக்கியைத் தரையில் வைத்தால் சாய்ந்து விழும். நைலான் நரம்பில் தொங்கவிட்டால் குடை வடிவம் முழுசாகத் தெரியும். ஃபேனை நிறுத்தி, பல்குச்சியால் லேசாகத் தொட்டு ஆட்டத்தை அடக்கி, அரை நிமிடம் காத்திருந்து ஷட்டரை அழுத்த வேண்டும். மோதிரம், தோடு மாதிரி நிற்கவேண்டியவற்றுக்கு உளுந்தளவு தேன்மெழுகை அடியில் வைத்து அழுத்தினால் நிற்கும். மேட் ஃபினிஷ் போட்ட டெம்பிள் நகையிலும் முத்திலும் மெழுகு படக் கூடாது, எண்ணெய்க் கறை தங்கிவிடும்.

வெளிச்சம் இப்படி. ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். ஜன்னலுக்கும் நகைக்கும் நடுவில், நகையிலிருந்து 20 செ.மீ. தள்ளி டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டால் தங்கத்தில் சின்ன வெள்ளைச் சதுரமாகத்தான் விழும். கிட்டே கொண்டுவரக் கொண்டுவர அது பரந்து, ஓரம் கரைந்து, குடையின் வளைவு முழுக்க வழியும். வலப்பக்கம் ஒரு தெர்மோகோல் நிற்கட்டும், மேலே இன்னொரு டிரேசிங் தாள். கேமரா பக்கம் வெள்ளை சார்ட்டில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி மாட்டினால் உங்கள் முகமும் கேமராவும் நகையில் தெரியாது.

இத்தோடு விட்டால் படம் கெட்டுப்போகும். சுற்றிலும் வெள்ளை சூழ்ந்த தங்கத்துக்கு வடிவமே இருக்காது, தட்டையான மஞ்சளாகத் தெரியும். தங்கம் தங்கமாகத் தெரிவது வெள்ளையும் கறுப்பும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் விழும்போதுதான். கறுப்பு சார்ட்டை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஒன்றை வலப்பக்கத் தெர்மோகோலின் முன் ஓரத்திலும் இன்னொன்றை இடப்பக்க டிரேசிங் தாளின் பின் ஓரத்திலும் கிளிப் போட்டுப் பாருங்கள். குடையின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழுந்து வளைவு சட்டென்று எழுந்து நிற்கும். பட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் கோடும் நகரும். வ்யூஃபைண்டரைப் பார்த்தபடியே, யாரையாவது நகர்த்தச் சொல்லி இடம் பிடியுங்கள். இந்த வேலைக்கு அரைமணி நேரம் போனாலும் தப்பில்லை.

நகாசு வேலை செய்த டெம்பிள் நகைக்கு மேல்டிரேசிங்கை எடுத்துவிடலாம். அதில் லட்சுமி, மயில், யாளி எல்லாம் புடைப்புச் சிற்பமாக இருக்கும். நிழல் இல்லாமல் புடைப்பு தெரியாது. அங்கே ஒரே பக்கத்து வெளிச்சம்தான் சரி.

கல்லுக்கு வேறு கணக்கு. பரந்த வெளிச்சத்தில் கல் மங்கிப்போகும். அதற்குச் சின்னப் புள்ளி வெளிச்சம் வேண்டும். கறுப்பு சார்ட்டில் 5 மி.மீ. ஓட்டை போட்டு, போன் டார்ச்சை அதன் வழியே மேலிருந்து சாய்வாகக் காட்டுங்கள். பின்பக்கம் திறந்த பதிப்பு என்றால் பின்னாலிருந்தும் காட்டலாம், கல் உள்ளிருந்து ஒளிரும். பின்பக்கம் அடைத்துப் பதித்த கெம்புக்குப் பின்வெளிச்சம் வீண். முத்துக்கு ஒரே ஒரு ஜன்னல் போதும். இரண்டு விளக்கு வைத்தால் ஒவ்வொரு முத்திலும் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளி விழுந்து கண்ணை உறுத்தும்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் தங்கத்தின் மினுமினுப்பு அடங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அது கண்ணாடி, அரக்கு, கல், எண்ணெய்ச் சருமம் ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்கும். உலோகத்தின் மேல் அதன் பாச்சா பலிக்காது.

கேமரா அமைப்பு

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும் வெற்றுக்குழாய்) மாட்டலாம். பொருளின் உருவம் சென்சாரில் பாதி அளவுக்கு விழும். ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சின்ன) சென்சார் கேமராவில் ஃபிரேமின் அகலம் 4.5 செ.மீ.யை ஒட்டி இருக்கும், ஜிமிக்கிக்குக் கச்சிதம். ட்யூப் வாங்கும்போது உலோகத் தொடுபுள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு ட்யூபில் பெரும்பாலான புது லென்ஸ்களின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, மாற்ற முடியாது.

எல்லாம் மேனுவலில். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் எஃப்/8 (இந்த எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே வரச் செய்யும் நிறச் சமன்) சாம்பல் அட்டையை வைத்து ஒருமுறை பிடித்தது, 2 நொடி டைமர். ஷட்டர் கால் நொடி ஆனாலும் டிரைபாட் தாங்கும். ஜன்னலுக்குப் பதில் எல்இடி விளக்கு என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுவது அதனால்தான்.

இந்தப் பாதியளவு உருவத்தில், எஃப்/8இல், ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஏறக்குறைய 2 மி.மீ. மட்டுமே. ஜிமிக்கியின் முன்மணி தெளிவாக இருந்தால் குடை மங்கும். எஃப்/22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் டிஃப்ராக்ஷனால் (சின்னத் திறப்பில் ஒளி விரிந்து சிதறுவதால்) மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும். சரியான வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது பல படங்களின் தெளிவான பகுதிகளைச் சேர்ப்பது. முன்மணியிலிருந்து பின்வரை ஃபோகஸை 1.5 மி.மீ. அளவுக்கு நகர்த்தி நகர்த்தி எடுங்கள். 2 செ.மீ. ஆழமுள்ள நகைக்கு 12 முதல் 15 படம் வரும். பிறகு ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக ஏற்றி, அலைன் செய்து, ப்ளெண்ட் செய்தால் முழு நகையும் தெளிவாக வரும். இங்கே வழக்கமாகக் கெடுவது இரண்டு. மேகம் கடந்து நடுவில் வெளிச்சம் மாறும், அல்லது தொங்கும் நகை மயிரிழை திரும்பும். முதலாவதற்கு மொத்தத் தொகுதியையும் ஓரிரு நிமிடத்துக்குள் முடிப்பது வழி. இரண்டாவதற்கு, குளோசப் ஸ்டாக்கிங்கைத் தொங்கும் நகையில் செய்யாமல் மெழுகில் நிறுத்திய நகையில் செய்வது வழி.

போனில் எடுப்பவர்களுக்கு இதில் பாதித் தலைவலி இல்லை. சென்சார் சின்னது, அதனால் ஃபோகஸ் ஆழம் தானாகவே கூடுதல். ஆனால் நகைக்கு அருகே போனதும் பல போன்கள் அல்ட்ராவைடு லென்ஸுக்குத் தாவிவிடும். ஜிமிக்கியின் அடி பெருத்து மேல்பகுதி சிறுத்துத் தெரியும், போனின் நிழலும் விழும். அந்தத் தானியங்கி மேக்ரோவை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸில் எடுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிக்கொள்ளவும்.

நிறம் எங்கே கெடுகிறது

அறை விளக்கு எரிந்துகொண்டிருக்க ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் தங்கத்தின் ஒரு பக்கம் பச்சை பூத்தும் மறுபக்கம் செம்பு மாதிரியும் வரும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. விளக்கை அணைப்பதுதான் மருந்து. பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரும் அதே வேலையைச் செய்யும். பக்கத்துச் சுவரில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள்.

டிரேசிங் பேப்பருக்குப் பதில் வேட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். ஆனால் சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வழியே வரும் வெளிச்சம் சற்று நீலம் ஏறி வரும், தங்கம் வெளிறிப் பச்சை தட்டும். புதிதாக நீலம் போடாத வேட்டியாக இருக்கட்டும், அல்லது அதே வேட்டி வழியே வரும் வெளிச்சத்தில் சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸ் பிடியுங்கள்.

சிவப்பு, அரக்கு, ராணி கலர் பட்டுகள் இன்னொரு தொல்லை. மொத்த ஹிஸ்டோகிராம் (இருட்டு இடக்கோடியிலும் வெளிச்சம் வலக்கோடியிலும் விழும் வரைபடம்) சரியாக இருப்பதுபோல் காட்டும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் வலக்கோடியில் முட்டிக்கொண்டிருக்கும். புடவை வழுவழுப்பான சிவப்புச் சாயமாக வரும், நெசவு காணாமல் போகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு உள்ளே வரும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுத்தால் முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். கறுப்புத் தோலுக்கும் இதே மாதிரி எச்சரிக்கை: மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

துணி

ஆரணிப் பட்டை அலமாரியிலிருந்து எடுத்த கையோடு கட்டவைத்து எடுத்தால் மடிப்புக்கோடு சிலுவை சிலுவையாகத் தெரியும். முந்தின நாளே பிரித்து, உள்பக்கமாக, மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்த்து, மடிக்காமல் கம்பியில் போட்டுவையுங்கள். பாவு ஒரு நிறம் ஊடு ஒரு நிறமாக நெய்த ஷாட் கலர் புடவைக்கு ஒரே பார்வைக்கோணம் போதாது. முந்தியை உள்ளங்கை அகலத்தில் அலையலையாக மடித்துப் போட்டால் ஒவ்வொரு மடிப்பின் ஏற்றத்தில் ஒரு நிறமும் இறக்கத்தில் இன்னொரு நிறமும் ஒரே படத்தில் கிடைக்கும்.

வெளிச்சம் துணியின் பரப்போடு 20, 30 டிகிரி சாய்வில் வரட்டும். ஒவ்வொரு இழையும் ஒரு நிழல் போட்டு நெசவு எழும். ஆனால் ஜரிகை? அதுவும் உலோகம் மாதிரிதான் நடந்துகொள்ளும். கடும் வெளிச்சத்தில் பார்டர் வெளுத்துக் கோலப்பொடி கொட்டிய கோடாகத் தெரியும். பார்டர் வரும் இடத்தை மட்டும் வெளிச்சத்திலிருந்து சற்றுத் திருப்பி, எதிரே தெர்மோகோல் காட்டுங்கள்.

குடியாத்தம் கைலியில் கட்டங்கள் நெருக்கமானவை. சில தூரங்களில் கட்டத்தின் மேல் வானவில் அலைகள் மிதக்கும். மோரே என்பார்கள். துணியின் வரிசையும் சென்சாரின் வரிசையும் மோதுவதால் வருவது. ஒரு அடி முன்னே பின்னே நகர்ந்தாலோ கோணத்தைச் சற்று மாற்றினாலோ போய்விடும். கேமராவின் சின்னத் திரையில் சில சமயம் பொய்யாகவும் தெரியும், அதனால் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். கட்டத்துணிக்குக் கேமரா நேராக நிற்காவிட்டால் கோடுகள் கோணலாகி, தையல் கோணலோ என்று பார்ப்பவர் நினைப்பார். கஞ்சி போட்ட புதுக் கைலி விறைப்பாக நின்று நல்ல வடிவம் கொடுக்கும், துவைத்துவிட்டு வராதீர்கள்.

அணிந்தவரோடு எடுக்கும்போது

இப்போது அந்த இரண்டும் சேர்ந்த படம். வெயில் அணிந்தவரின் பின்பக்கத் தோளுக்கு மேலிருந்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி நிறுத்துங்கள். தோள் மடிப்பிலும் முந்தியிலும் வெயில் உரசிக்கொண்டு போகும், துணிக்கு வேண்டிய வெளிச்சம் அது. முகமும் கழுத்தும் நிழலில் இருக்கும். அந்தப் பக்கம், ஆரத்திலிருந்து 3 அடி தூரத்தில், இரண்டு தெர்மோகோல் ஷீட்டைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆரம் பார்ப்பது அந்த வெள்ளையை மட்டும்தான். துணிக்குக் கடும் வெளிச்சம், நகைக்கு மென்வெளிச்சம், ஒரே ஷட்டரில். தெர்மோகோலைப் பிடிப்பவர் வெள்ளைச் சட்டை போட்டு வரட்டும்.

ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம், எஃப்/5.6, ஷட்டர் 1/200. காதணிப் படத்தில் கண்ணும் ஜிமிக்கியும் ஒரே தளத்தில் இருக்காது. இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/8க்குப் போய் முகத்தைப் பாதித் திருப்புங்கள். இல்லையென்றால் கண் முழுசாக மங்கும்படி எஃப்/2.8இல் நகையை மட்டும் பிடியுங்கள். அரைகுறையாக மங்கிய கண் பிழை மாதிரியே தெரியும்.

ஆரம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். பின்கழுத்தில் கொக்கியை ரவிக்கையோடு நூலால் ஒரு தையல் போட்டுக் கட்டுங்கள். அட்டிகைக்கும் ரவிக்கைக் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தோலாவது தெரியட்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டால் எது நகை எது ஜரிகை என்று கண் தடுமாறும். வளையல், மோதிரப் படத்துக்கு முன் கையை ஒரு நிமிடம் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தால் புறங்கை நரம்பு அடங்கும். கழுத்து நகைக்கு, “அக்கா, தாடையைத் தூக்காதீங்க, நெத்தியை மட்டும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவாங்க” என்று சொன்னால் கழுத்து நீண்டு கோடுகள் மறையும். வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்தால் மேக்கப்போடு வரும்.

வெளியே போவதென்றால்

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் காலை எட்டரைக்கு மேல் பட்டு கட்டி யாரையும் பாறையில் நிறுத்துவது அக்கிரமம். நகரின் கிழக்கே மலை இருப்பதால் கோட்டைப் பக்கம் முதல் வெயில் கொஞ்சம் தாமதித்து விழும். அதுவரை கிடைக்கும் நிழல் வெளிச்சத்தில் நகைப் படங்களை முடித்துவிட்டு, வெயில் வந்ததும் துணிப் படங்களுக்குப் போங்கள்.

கோட்டையின் கருங்கல் மதில் அருமையான பின்னணி. கல்லின் சாம்பல் நிறம் தங்கத்தைத் தூக்கிக் காட்டும், பட்டோடு சண்டைக்கும் வராது. ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் கேமரா வைத்துச் சுற்றிப்பார்ப்பது வேறு, டிரைபாட், ரிஃப்ளெக்டர், அலங்கரித்த மாடல் என்று இறங்குவது வேறு. கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வழிபாடு நடக்கிறது, கல்யாண மண்டபச் சிற்பத்தூண்களை ஷூட்டிங் செட்டாக நினைக்க வேண்டாம். ஸ்ரீபுரம் பொற்கோயிலைத் திட்டத்தில் எழுதாதீர்கள், உள்ளே கேமராவோ போனோ கொண்டுபோக விடமாட்டார்கள்.

பாலாற்று மணல் காலை வெயிலில் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். தாடைக்கு அடியில் இருட்டு விழாது, ஒட்டியாணம், கொலுசு மாதிரி கீழ்நகைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மணல் நிறம் கொஞ்சம் ஏறும், அங்கேயே சாம்பல் அட்டையைப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றுவதை ஆற்றுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும். முக்கியமாக, நகை மாட்டும் இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை விரியுங்கள். திருகாணி மணலில் விழுந்தால் அவ்வளவுதான்.

தூரத்துப் படங்களுக்குக் கவரிங் போதும், மூன்றடிக்கு அப்பால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குளோசப்பில் தெரியும், முலாம் தேய்ந்த புள்ளியும் பற்றவைத்த தடமும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஆகவே வெளியே கவரிங், வீட்டு மேசையில் அசல் என்று பிரித்துக்கொண்டால் வீட்டாருக்கும் நிம்மதி. இரவல் வாங்கிய நகையானால் வாங்கும்போதே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போனில் எடுத்து, எடையையும் திருகாணி எண்ணிக்கையையும் எழுதி, கொடுத்தவருக்கே அனுப்பிவிடுங்கள்.

தேர்வும் எடிட்டிங்கும்

ஒரு தொகுப்புக்கு 8 படம் தாராளம். முழு உருவம் 2, இடுப்புவரை 2, அணிந்த நகையின் குளோசப் 2, மேசைப் படம் 1, துணி நெசவு 1 என்று ஏறக்குறைய அமையலாம். ஒரே போஸில் நான்கு படம் வைத்தால் எந்த டிசைன் ஆசிரியரும் மூன்றாவதிலேயே பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

எடிட்டிங்கில் முதலில் ஒயிட் பேலன்ஸ், அடுத்து எக்ஸ்போஷர், அதற்குப் பிறகு தூசுப் புள்ளிகள், கடைசியில் ஷார்ப்னஸ். சாச்சுரேஷனைத் தொடாதீர்கள், தங்கம் ஆரஞ்சாகிவிடும். மஞ்சள் போதவில்லை என்று தோன்றினால் மஞ்சள் நிறத்தின் ஒளியளவை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். புது நகையில் கீறலை அழிப்பதில் தவறில்லை. பாட்டி காலத்து அட்டிகை என்றால் தேய்மானத்தை அப்படியே விடுங்கள், அதை அழித்தால் கவரிங் மாதிரி ஆகிவிடும். ஆன்லைனில் அனுப்ப எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான வழக்கமான) வண்ணத்தில், நீளப்பக்கம் 2000 பிக்சலுக்கு இறக்கியபின் மறுபடி ஒருமுறை லேசாக ஷார்ப் செய்யுங்கள். கைலிப் படங்களை மட்டும் இறக்கிய பின்னும் பார்க்க வேண்டும், சின்னதாக்கும்போது மோரே புதிதாக முளைக்கும். பிரிண்ட் போடுவதானால் நகைக் குளோசப் க்ளாஸி தாளிலும் துணிப் படங்கள் மேட் தாளிலும் போடலாம். ஒரே ஆல்பத்தில் இரண்டு தாளும் கலந்து வருவது பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் இரண்டுக்கும் நடுப்பட்ட லஸ்டர் தாளில் கேளுங்கள். மொத்தமாக ஆர்டர் கொடுக்குமுன் சிவப்புப் புடவைப் படம் ஒன்றை மட்டும் 4க்கு 6 அளவில் சோதனை பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்தில் புடவையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.